தங்கச் சுரங்கத்து மடல்களும் நம் கத்தரிக்கோலும்

விழா மலர் தயாரிப்போரின் மேசைமீது எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. கோலார் தங்க வயலில் பாறை உடைத்த ஒருவர் ஊரிலிருந்த தம் தமையனாருக்கு எழுதிய பழைய மடல் ஒன்று அவர்கள் கைக்கு வந்தால், அதன் தலைப்பில் உள்ள ‘சேசு மரி சூசை துணை’ அச்சேறும். ஊர்க் கோயில் திருவிழாவுக்கென்று அவர் அனுப்பிய ஐந்து ரூபாய் அச்சேறும். இறைவன் அருளால் அனைவரும் நலம் என்ற வரியும் அச்சேறும். அதன்பின் வரும் ஒன்றரைப் பக்கம் மட்டும் அச்சேறாது. சின்னம்மா மகளின் நிச்சயதார்த்தம் ஏன் நின்றது, மைத்துனர் வாங்கிய கடன் யார் தலையில் விடிந்தது, அடுத்த லைன் வீட்டுக்காரர் எதற்காகத் திடீரென்று ஊர் திரும்பினார் என்பனவெல்லாம் ‘குடும்ப விவகாரம், வாசகருக்குத் தேவையற்றது’ என்ற தீர்ப்போடு நீங்கிவிடும். நீக்குபவர் நல்லெண்ணத்தோடுதான் நீக்குகிறார். ஆனால், மடலைக் களைந்துவிட்டு உறையை மட்டும் அச்சிடுகிறார் என்பது நம் குற்றச்சாட்டு.

இதைப் பேச நெய்வேலிவாசிகளாகிய நமக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். நம் மண்ணில் பொன் இல்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது வெளிப்பட்ட பழுப்பு நிலக்கரியே நம் செல்வம். 1956-இல் நிறுவனம் பிறந்து, 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1962-இல் மின் உற்பத்தியும் தொடங்கிய காலத்தில், பல மாவட்டத்தாரும் இங்கு வந்து வட்டம் வட்டமாகக் குடியேறினர். வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்தோ சேலத்துப் பக்கமிருந்தோ வந்த ஒருவரின் பெட்டியில், பாட்டனாரோ பெரியப்பாவோ தங்க வயலிலிருந்து எழுதிய கடிதக் கட்டு ஒன்று இருந்தால் அதில் வியப்பதற்கு ஏதுமில்லை. ஆனால் நகரியத்து வீடு எவருக்கும் சொந்தமன்று. பணி ஓய்வு பெற்றால் குடியிருப்பை ஒப்படைத்தே ஆகவேண்டும். முப்பது ஆண்டுகள் பரண்மீது கிடந்த தகரப் பெட்டி அன்றுதான் கீழே இறங்கும். லாரி வாசலில் நிற்கும்; பழைய பேப்பர்காரரும் தராசோடு நிற்பார். எதை ஏற்றுவது, எதை எடைக்குப் போடுவது என்பதை அந்த அரைநாளில் முடிவு செய்கிறோம். ‘யாரோ எழுதிய ஊர்வம்பு’ என்று கருதப்படும் தாள்கள் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

தங்க வயலின் வரலாறு நம்மில் பலருக்கு இன்று திரைப்படங்களின் வழியாகவே தெரியும். 2018-இல் வந்த கன்னடப் படம் அதை அடியாட்களின் உலகமாகக் காட்டியது. 2024-இல் வந்த ‘தங்கலான்’ சுரங்கம் தோன்றிய காலத்தைத் தொன்மக் கதையாக்கிக் காட்டியது. இரண்டையும் கண்டவர்கள்கூட, அங்கே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஷிப்டுக்குப் போய்த் திரும்பினார்கள், ஞாயிறன்று பூசை கண்டார்கள், மாலையில் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்ற பிறகு அந்த வயல் வளர்ந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது; அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 பாகையைத் தாண்டும். பஞ்சத்துக்கும் பண்ணை அடிமைத்தனத்துக்கும் தப்பி வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட மக்களே அங்கு உழைத்தவருள் பெரும்பாலோர். அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ இதழுக்கு மாரிக்குப்பத்தில் வாசகர்கள் இருந்தனர். சாம்பியன் ரீஃப்பில் நம்மவர்க்கு வெற்றி அன்னை ஆலயம் இருந்தது. எழுத்தின் அருமை அறியாத கூட்டம் என்று அவர்களை எவரும் எண்ணிவிட வேண்டாம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. லைன் வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.

முதல் தலைமுறையினரில் பலர் தனி ஆட்களாகவே சென்றனர். பின்னர் மனைவி மக்கள் சென்று சேர்ந்தாலும் தாய் தந்தையரும், பங்கு நிலமும், கொடுக்கல் வாங்கலும் ஊரிலேயே இருந்தன. பிள்ளைப்பேற்றுக்கு மனைவி தாய்வீடு வந்தால் மாதக் கணக்கில் பிரிவு. இத்தனையையும் கட்டி ஆண்டது ஒரு தபால் கார்டு. 1950 முதல் நீல நிற இன்லண்டு கடிதம். இவற்றோடு மணியார்டர் படிவத்தின் ஓரத்தில் இருந்த, நான்கு வரிக்குமேல் கொள்ளாத துண்டு. அந்த நான்கு வரியில் ஒருவர் தம் தங்கையின் திருமணத்தைப் பேசி முடித்திருக்கிறார் என்றால் அவருக்கு ஊரிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் எப்படிப்பட்டவர், அவன் குடிப்பானா, அவன் அண்ணன் மனைவியை எப்படி வைத்திருக்கிறான் என்பனவற்றையெல்லாம் எந்த ஓலைச்சுருள் அவருக்குச் சொல்லும்? ஊர்வம்பு என்று நாம் முகம் சுளிக்கும் அதுதான் சொல்லிற்று. பூமிக்கடியில் இருந்த அண்ணன், தங்கைக்கு அண்ணனாகவே இருந்தது அதன் துணையால்தான்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, தெரிந்தவர் எழுதிய மடல்கள் பல. ஊரில் அதை வாசித்தவர் ஆசிரியராகவோ உபதேசியாராகவோ இருந்திருப்பார். திண்ணையில் பத்துப் பேர் கேட்க வாசிக்கப்பட்ட மடலில் கணவன் மனைவிக்குத் தன் உள்ளத்தை எழுத முடியாது. ஆகவே வேறு வழி கண்டான். வெள்ளாடு எத்தனை குட்டி போட்டது, அம்மாவின் முழங்கால் வலி எப்படி, வாசலில் வைத்த முருங்கை பிடித்ததா என்று வரிசையாகக் கேட்டான். அந்த முருங்கையை வைத்தவள் யார் என்பது கேட்டிருந்த பத்துப் பேரில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். மலர்க் குழுவின் கத்தரிக்கோல் முதலில் வெட்டுவது அந்த முருங்கையைத்தான்.

ஆயினும், அன்பு பற்றிய இச்செய்தியைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. சுரங்கத் தொழிலாளி தன் வேலையைப் பற்றி வீட்டுக்கு எழுதமாட்டான். பாறை வெடிப்பைப் பற்றி எழுதினால் தாய் உறங்கமாட்டாள். இருமலைப் பற்றி எழுதினால் மனைவி புறப்பட்டு வந்துவிடுவாள். 1940-களில் கோலாரில் பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்னும் தூசி நோய் இருந்ததாக ஆய்வு சொல்கிறது. பத்தில் நான்கு பேர்! ஆனால் ‘எனக்கு மார்பு அடைக்கிறது’ என்று எவரும் எழுதியிருக்க மாட்டார். ‘சுகம், சுகமறிய அவா’ என்றே எழுதியிருப்பார். அப்படியானால் அந்த நோய் மடலில் எங்கே இருக்கும்? அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிய வம்பில் இருக்கும். இன்னார் மகன் ஆறு மாதமாக வேலைக்குப் போவதில்லை, கணக்கை முடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், பெண் கொடுத்தவர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்ற வரியில் இருக்கும். தன்னைப் பற்றி மறைத்தவன் அயலானைப் பற்றிச் சொல்லும்போது உண்மையைச் சொல்லிவிடுகிறான். கூலியையும் வேலைநிறுத்தத்தையும் மட்டும் தேடும் வரலாற்று மாணவர்களும், பக்தியை மட்டும் தேடும் நம் மலர்க் குழுவினரும் ஒருசேரத் தாண்டிப்போகும் இடம் அது.

நம் வழக்கம் ஒன்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. இழவுச் செய்தி தாங்கிய கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடுவது தமிழர் வழக்கம், வீட்டுக்குள் கொண்டுபோகமாட்டார்கள். ஓரத்தில் மஞ்சள் தடவிய மங்கலக் கடிதம் பெட்டிக்குப் போகும். கறுப்பு மை தடவியது வாசலிலேயே துண்டு துண்டாகும். எனவே கிடைக்கும் கட்டில் மரணச் செய்தி இல்லையென்றால் அக்குடும்பத்தில் எவரும் சாகவில்லை என்று பொருளன்று. மூன்று மாதம் கழித்து வந்த மடலில், அண்ணியார் தாலிக்கொடியை அடகு வைக்கவேண்டாம் என்றோ, பையனைக் கடலூரில் விடுதியில் சேர்க்க சாமியாரிடம் பேசச் சொல்லியோ ஒரு வரி வரும். இறந்தவர் யாரென்று அந்த வரி காட்டிவிடும். மிகப் பெரிய செய்தி கிழிந்துபோன பின், சின்னச் செய்தியே அதற்குச் சாட்சியாகிறது. அதையும் நாமே வெட்டலாமா?

இங்கே ஒரு தடை எழும். நம் வாசகரில் பக்தியுள்ளோர் எழுப்பும் தடை. ஆகவே மதித்து விடை கூறவேண்டியது. புறங்கூறுதல் பாவம் அன்றோ? சீராக்கின் ஞான நூலும் யாக்கோபின் திருமுகமும் நாவின் கேட்டைக் கடுமையாகவே பேசுகின்றன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 செப்டம்பரில், வம்பு பேசுவது கோவிட்டைவிடக் கொடிய தொற்று என்றே சொன்னார். உண்மை. ஆனால் அன்று அவர் விளக்கியது மத்தேயு 18-ஆம் அதிகாரத்தை: குற்றம் செய்த சகோதரரிடம் தனியே சென்று பேசுவதற்குப் பதிலாக ஊர் முழுவதும் பேசித் திரிவதை. கெடுக்கும் நோக்கோடு, தொடர்பில்லாதவர் காதில் ஓதுவது கோள். தன் குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள உரிமையும் கடமையும் உள்ள ஒருவனுக்கு, 300 கிலோமீட்டருக்கு அப்பால், நடந்ததைத் தெரிவிப்பது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து ஒரே நெருப்பில் இடுவதை எந்த மறைக்கல்வியும் நமக்குக் கற்பிக்கவில்லை.

புனித பவுலின் திருமுகங்களை நம் மலர்க் குழுவினர் கையில் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. உரோமையர் திருமுகத்தின் 16-ஆம் அதிகாரம் பெரும்பாலும் நலம் விசாரிப்பு. பிரிஸ்காவும் அக்கிலாவும் தொடங்கிப் பெயர்ப் பட்டியல். அது நீங்கும். கொரிந்து நகரின் பிளவுகளைப் பற்றிக் குலோயி வீட்டார் வாயிலாகக் கேள்விப்பட்டதாகத் திருத்தூதர் எழுதுகிறார். கேள்விப்பட்ட செய்தி, அதுவும் நீங்கும். பிலிப்பியில் எவோதியா, சிந்திக்கே என்ற இரு பெண்களின் மனத்தாங்கல் ‘குடும்ப விவகாரம்’ ஆகிவிடும். திமொத்தேயுவின் வயிற்றுக் கோளாறும், துரோவாவில் விட்டுவந்த மேலாடையும், உடன் வந்தவரை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவந்த செய்தியும் வாசகருக்குத் தேவையற்றவை. திருஅவை அவற்றை நீக்கவில்லை. பீடத்திலிருந்து வாசிக்கும் நூலிலேயே வைத்திருக்கிறது. அந்த மேலாடை இல்லாத பவுல் நமக்குச் சிறையில் குளிரால் நடுங்கும் மனிதராகத் தெரியமாட்டார்.

வெட்டுவதற்கு நம்மிடம் முன்மாதிரி இல்லாமலில்லை. 1702 முதல் 1776 வரை பாரிசில் 34 தொகுதிகளாக இயேசு சபையார் தம் மறைபோதகர்களின் மடல்களை வெளியிட்டனர். கர்நாடக மறைத்தளத்து மடல்களும் மதுரை மறைத்தளத்து மடல்களும் அவற்றில் உண்டு. ஆன்ம நலம் பயப்பவை, ஆர்வமூட்டுபவை என்ற பொருள்படும் பெயரே அத்தொகுதிக்கு. பதிப்பித்தவர்கள் ஆன்ம நலத்துக்கு ஏற்றவாறு பலவற்றைச் செப்பம் செய்தனர். விளைவு யாது? இன்று ஆராய்வோர் அவ்வச்சுப் பக்கங்களை ஐயத்தோடு படித்துவிட்டு, கையெழுத்து மூலம் எங்கே என்று தேடுகின்றனர். அதே நூற்றாண்டில், அதே புதுச்சேரியில், ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம், ஆளுநர் துய்ப்ளேக்சின் மனைவி யாரிடம் என்ன சொன்னார், கடைத்தெருவில் என்ன பேச்சு என்று அனைத்தும் அதில் உண்டு. நம்மவரைப் பற்றியும், குறிப்பாக 1748-இல் ஈசுவரன் கோயில் இடிக்கப்பட்டது பற்றியும் அவர் எழுதியது நமக்கு இனிக்காது. இருந்தும் அக்காலப் புதுவையை அறிய விரும்பும் எவரும் அவரிடம் போகாமல் இருக்க முடியாது. வம்பையும் சேர்த்து எழுதியவரை உலகம் நம்புகிறது!

பொன் தேடிப் போனவர்களின் மடல்களைப் பிறர் எப்படிப் போற்றுகிறார்கள் என்பதையும் காண்போம். 1849-இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து யங்ஸ்டவுனிலிருந்து வில்லியம் ஸ்வெயின் என்ற உழவர் கலிபோர்னியாவுக்குப் பொன் தேடிச் சென்றார். மனைவி சபரினாவையும் கைக்குழந்தையையும் சகோதரர் ஜார்ஜிடம் விட்டுச் சென்றார். அவருடைய நாட்குறிப்பையும் மடல்களையும் ஹாலிடே என்ற வரலாற்றாசிரியர் 1981-இல் நூலாக்கியபோது, வீட்டிலிருந்து போன மடல்களையும் விடாமல் சேர்த்தார். குழந்தையின் உடல்நிலை, பண்ணை வேலை, மனைவியின் தனிமை ஆகியவையே அவற்றின் சரக்கு. பொன் தேடிய இலட்சம் பேரில் ஒருவர், பெரிதாக எதுவும் சம்பாதிக்காதவர். அந்த நூலை இன்றும் படிக்கிறார்கள். நம் கோலார்க்காரர்களுக்கு ஊரிலிருந்து போன மடல்கள் எங்கே? ஒற்றை அறை லைன் வீட்டில் அவற்றை வைக்க இடம் எது? பெரும்பகுதி போயிருக்கும். எஞ்சியவை இன்னும் அங்குள்ள உறவினர் வீடுகளில்தான் இருக்கக்கூடும். இங்குள்ள ஒரு கட்டும் அங்குள்ள ஒரு கட்டும் சந்தித்தால், ஒரு குடும்பம் தனக்குள் பேசிக்கொண்டதை முழுமையாகக் கேட்கலாம்.

இனிக் கசப்பான பகுதிக்கு வருவோம். ஊரிலிருந்து சென்ற எல்லாச் செய்தியும் உண்மையன்று. எல்லாம் அன்பால் எழுதப்பட்டதுமன்று. கணவன் தொலைவில் இருக்க, மருமகளைப் பிடிக்காத மாமியாரோ கொழுந்தனாரோ சொல்லி எழுதுவித்த ஒரு வரி, ஒரு பெண்ணின் வாழ்வைக் குலைத்திருக்கக்கூடும். அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது. தன்னைப் பற்றித் தபாலில் என்ன போயிற்று என்பதே அவளுக்குத் தெரியாது. வந்த மறுமொழியில் இருந்த கோபத்தை மட்டும் திண்ணையில் பத்துப் பேர் நடுவே கேட்டாள். இத்தகைய மடல்களைக் கொளுத்துவதே அறம் என்று சொல்வோரின் உள்ளம் நமக்குப் புரிகிறது. ஆயினும் உடன்பட முடியவில்லை. கொளுத்தினால் யார் காப்பாற்றப்படுகிறார்கள்? அவதூறு சொன்னவர் காப்பாற்றப்படுகிறார். அவள் ஏன் பிறந்த வீட்டிலேயே தங்கி மடிந்தாள் என்பதற்கு ஊர் சொல்லும் கதை மட்டும் எஞ்சும். மடல் இருந்தால், அந்தக் கதை எந்தக் கையில் பிறந்தது என்று பேத்தியாவது ஒருநாள் காண்பாள். பேர் சொல்லப்பட்டவரும் அவர்தம் பிள்ளைகளும் இருக்கும் வரை அச்சிடாதிருப்பதும், பிறர் கண்ணில் படாமல் தனியே கட்டி வைப்பதும் நீதி. கொளுத்துவது நீதியன்று. மலரில் இடமில்லையென்றால் அச்சிடாமல் விடலாம். ‘இங்கே சில வரிகள் விடப்பட்டன’ என்று மூன்று புள்ளி வைக்கவாவது மனம் வரவேண்டும். அந்த மூன்று புள்ளிகூட இல்லாமல் வெட்டிய இடத்தைத் தைத்து மூடுவதைத்தான் நாம் பொய் என்கிறோம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திருமண அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீசுகளையும்கூட எறியாமல் சேர்த்தார்; அவர் காலத்தில் அதைப் பித்து என்று சிலர் எண்ணியிருக்கலாம். இன்று சென்னையில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு வெளிநாட்டார் வந்து போகிறார்கள். நம் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேட்டுக்கும் திருமணப் பதிவேட்டுக்கும் பூட்டிய பேழை உண்டு. அதே பேழையில் இரண்டடி இடம் போதும். எந்தப் பங்குப் பேரவையும் தீர்மானம் போடும் வரை காத்திருக்க வேண்டிய செயலன்று இது.

பெட்டியை இறக்கும் குடும்பத்தார்க்குச் சில சொற்கள். கட்டைப் பிரித்து அடுக்காதீர்கள். கட்டிய வரிசையிலும் செய்தி இருக்கும். தபால் தலைக்காக உறையைக் கிழித்துப் பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டாம். மாரிக்குப்பம், உரிகம், ராபர்ட்சன்பேட்டை என்ற முத்திரையும் தேதியும் அதில்தான் இருக்கின்றன. பிளாஸ்டிக் பையில் போட்டு வேர்க்கவைக்க வேண்டாம். பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். நம் நகரியத்துக்காகவும் பின்னர் சுரங்க விரிவாக்கத்துக்காகவும் நிலம் எடுக்கப்பட்ட ஊர்களுக்கு வந்த மடலானால், முகவரிப் பக்கத்தைத் தனியே படமெடுத்து வையுங்கள். அந்தத் தெருக்களில் சில இன்று வரைபடத்தில் இல்லை. மடல்களில் முழுப் பெயர் அரிதாகவே இருக்கும். ‘சின்னவள்’, ‘மேலத்தெரு அண்ணன்’, ‘அந்த ஆள்’ என்றுதான் இருக்கும். எண்பது வயதைத் தாண்டிய அத்தை ஒருவர் உறவில் இருந்தால், வீட்டைக் காலி செய்வதற்கு முந்தைய வாரமே அவரை வரவழைத்து, ஒவ்வொரு மடலாக வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் பெயர்களைத் தனித்தாளில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். மடலின்மீது எழுதவேண்டாம்.